ஜக்கையன் கையெழுத்து

மதுரை மத்திய சிறை
12.2.1978

தம்பி சீனிச்சாமி அவர்களுக்கு,

எஸ்டேட் கணக்குப்பிள்ளை சுருளிவேல் எழுதிக்கொள்வது. கணக்குப்பிள்ளை என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனம் வரவில்லை. நான் இருக்கும் இடத்தில் அடித்தல் திருத்தலுக்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

உள்ளே தள்ளிய ஆளுக்கே கடுதாசி போடுகிறானே என்று பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கள்ளக் கையெழுத்துக்காக வந்தவன் என்று தெரிந்தும், மனு எழுதவும் வீட்டுக்குக் கடிதம் எழுதவும் இதே ஆட்கள் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். தினமும் நாலைந்து எழுதுகிறேன். பொழுது போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு விழுந்த இரண்டு வருஷ தண்டனையை எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போட்டாயிற்று. ஜூன் மாதம் விசாரணைக்கு எடுப்பார்கள் என்று வக்கீல் ராஜாராம் சொல்கிறார். கீழ்க்கோர்ட்டில் நான், 'உயிலில் இருப்பது முதலாளி போட்ட கையெழுத்துதான்' என்பதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. இனி முழுசையும் சொன்னால்தான் வழி உண்டு என்று வக்கீல் அடித்துச் சொல்லிவிட்டார். அந்த முழுசில் உங்கள் அப்பாவைப் பற்றி ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் கோர்ட்டில் நாலு பேர் நடுவில் நின்று கேட்க வேண்டாம் என்று நினைக்கிறேன். முன்கூட்டியே உங்களுக்கு எழுதலாமா? வேண்டாம் என்றால் ஒரு கார்டில் ஒரு வார்த்தை போதும்.

எங்கள் கடிதங்களை அதிகாரி படித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார். அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சுருளிவேல்


போடிநாயக்கனூர்
21.2.1978

சுருளிவேல் அவர்களுக்கு,

கிழித்துப் போடத்தான் நினைத்தேன். கிழிக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

அனுமதியா கேட்கிறீர்கள்? எங்கப்பா செத்துப் பதினாறு நாள் முடிவதற்குள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினீர்களே, அன்றைக்கு யாரிடம் அனுமதி கேட்டீர்கள்? குரங்கணிக்கு மேலே நன்றாகக் காய்க்கிற மூன்று ஏக்கர் ஏலத்தோட்டத்தை ஆயம்மாளுக்கு எழுதிவைத்துவிட்டாராம். உயிலை எழுதினது நீங்கள். சாட்சி நீங்களும் ஜீப் டிரைவர் சோலையும். அந்தச் சோலையே கோர்ட்டில், 'முதலாளி கையெழுத்துப் போட்டதை நான் பாக்கலீங்க' என்று சொல்லிவிட்டான்.

தோட்டம் போனால் போகிறது என்று கூட விட்டிருப்பேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் தீப்பிடித்தபோது ஆயம்மாள் புருஷன் கன்னையன் வெந்து செத்தான். பாவம்தான். ஆனால் உயிலில் ஒரு வரி எழுதினீர்களே, 'கன்னையன் அன்று குடித்திருக்கவில்லை, குடித்திருந்தான் என்று நான் சொன்னது பொய்' என்று. செத்த மனுஷன் வாயிலேயே அவரைப் பொய்யன் என்று சொல்லவைத்திருக்கிறீர்கள். அதற்காகத்தான் கேஸ் கொடுத்தேன்.

அப்பா எனக்கு ஹாஸ்டலுக்கும் காலேஜுக்கும் எழுதிய நூற்றுப் பதினேழு கடிதம் என்னிடம் உண்டு. அதில் ஆறைக் கோர்ட்டில் கொடுத்தேன். இந்தக் கை வேறு, உயிலில் உள்ள கை வேறு என்று சென்னையிலிருந்து வந்த நிபுணர் சொன்னார். அந்த ஆறும் நம்பர் ஒட்டிக் கோர்ட்டு அலமாரியில் கிடக்கிறது. எனக்கு அது ஒன்றுதான் வருத்தம்.

சொல்ல வேண்டியதைச் சொல்லித் தொலையுங்கள்.

சீனிச்சாமி


மதுரை
5.3.1978

தம்பிக்கு,

சுற்றி வளைக்கவில்லை. உங்கள் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இருபத்து மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்று. சொல்ல மாட்டேன் என்று அவர் கையில் அடித்துக் கொடுத்தது.

1955-ல் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு தாளை என் முன்னால் போட்டு, "எம் பேரை நீயே போடு" என்றார். "நீங்க போடுங்க மொதலாளி" என்றேன். என்னை முறைத்தார். எனக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து பாரஸ்ட் ஆபீஸ், பேங்கு, காய் விற்கிற இடம் என்று எல்லாத் தாளிலும் ஜக்கையன் என்று போட்டது நான். பத்திர ஆபீசுக்கு நேரில் போக வேண்டி வந்தால் வலது கையில் பெரிய கட்டாகப் போட்டுக்கொண்டு போவார். கவாத்துக் கத்தி பட்டுவிட்டது என்று சொல்லி ரேகை வைத்துவிட்டு வருவார். அந்த ஊரில் அவரைக் கேள்வி கேட்க யார் இருந்தார்கள்?

1961-ல் உங்களை ஹாஸ்டலில் விட்டோம். உங்கள் முதல் கடிதம் வந்த அன்று என்னை ஸ்டோருக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மூன்று தரம் படிக்கச் சொன்னார். அப்புறம் சொன்னார்: "பதில் எழுது. ஆனா உன் எழுத்தா இருக்கக் கூடாது. பய நாளைக்கு வளந்து வந்து உன் நோட்டைப் பாப்பான். எனக்குன்னு ஒரு எழுத்துப் பண்ணு."

ஒருத்தருக்கு எழுத்து எப்படிப் பண்ணுவது? என் எழுத்து நெட்டுக்குத்தலாக, உருண்டையாக இருக்கும். உங்கள் அப்பா வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடப்பார். அதே மாதிரி எழுத்தையும் சாய்த்துப் பார்த்தேன். வரிக் கடைசியில் கோபமாக ஒரு இழுப்பு. பத்து நாள் பழகினேன். வந்துவிட்டது.

ஆக, நீங்கள் கொடுத்த ஆறு கடிதமும் என் கை. பேங்கிலிருந்து வந்த தாள்களும் என் கை. அதோடு ஒத்துப் பார்த்தால் உங்கள் அப்பா தன் கையால் போட்டது கள்ளக் கையெழுத்து என்றுதான் வரும். நிபுணர் மேல் தப்பு இல்லை.

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் கீழே நாலு வரி எழுதுகிறேன். பார்த்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.

*மேலே மழை விட்டபாடில்லை. காய் பரவாயில்லை. கம்பளி இருக்கா? வயித்தைக் காயப்போடாதே.*
*அப்பா,*
*ஜக்கையன்*


போடி
15.3.1978

கணக்குப்பிள்ளைக்கு,

தபால்காரர் கொடுத்த இடத்திலேயே பிரித்தேன். கடைசி நாலு வரியைப் பார்த்ததும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து, "யாருடா செத்துட்டா?" என்று கேட்டது.

ஒரு வாரம் தூக்கமில்லை. பெட்டியைத் திறந்து பழைய கடிதங்களையும் உங்கள் நாலு வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே சாய்வு. அதே இழுப்பு. நான் எப்போதும் முகர்ந்து பார்க்கிற அதே எழுத்து. அதை ஜெயிலிலிருந்து எழுதி அனுப்ப உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

பிறகு கோபம் தணிந்ததும் ஒன்று தோன்றியது. நீங்கள் எதை நிரூபித்தீர்கள்? எங்கப்பா மாதிரியே உங்களால் எழுத முடியும் என்று நிரூபித்தீர்கள். நாங்களும் கோர்ட்டில் அதைத்தானே சொன்னோம்? இந்தத் தாளை நான் ஜட்ஜிடம் கொடுத்தால் உங்களுக்கு இன்னும் இரண்டு வருஷம் சேர்த்துப் போடுவார்.

எங்கப்பாவுக்கு எழுதத் தெரியாது என்றால் ஏன் தினமும் பேப்பர் வாங்கினார்? என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். என் வாசிப்பைக் கேட்கப் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எதை நினைப்பது என்று தெரியவில்லை. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

சீனிச்சாமி


மதுரை
27.3.1978

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானே சிரித்தேன். நீங்கள் சொல்வது சரி. குற்றம் செய்யவில்லை என்று காட்டப்போய்க் குற்றம் செய்யத் தெரியும் என்று காட்டிவிட்டேன். வக்கீலிடம் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். சம்மதத்தோடு ஒருத்தர் பேரைப் போட்டால் மோசடி ஆகாதாம். ஆனால் சம்மதம் கொடுத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இருபத்தோரு வருஷம் போட்ட ஆயிரம் கையெழுத்தை நானே ஒத்துக்கொண்டு, அதற்கு வீட்டு மனுஷர் ஒருத்தர் கூட 'ஆமாம்' சொல்லவில்லை என்றால், இந்த ஒரு கேஸ் போய் வேறு கேஸ் வரும் என்கிறார். அதனால்தான் உங்களிடம் வந்து நிற்கிறேன்.

ஒன்று மட்டும் யோசியுங்கள். அவர் எழுத்தை இப்படி அச்சாக எழுதத் தெரிந்தவன் உயிலில் ஏமாற்ற நினைத்திருந்தால் ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டேனா? உயிலில் இருப்பதைப் பார்த்தீர்கள் அல்லவா? அந்த மாதிரி கோணல்மாணலாக நான் ஏன் போடப்போகிறேன்?

உயில் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டோரில் தீப்பிடித்த அன்று உள்ளே காய் பரப்பின தட்டிகள் இருந்தன. "தட்டியை வெளிய இழுங்கடா" என்று சத்தம் போட்டது உங்கள் அப்பா. எல்லாரும் தயங்கினார்கள். கன்னையன் மட்டும் போனான். அவன் அன்றைக்குச் சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. போலீசுக்குக் கொடுத்த தாளில், குடிபோதையில் அடுப்புப் பக்கம் போய் விழுந்தான் என்று எழுதினது நான். சொன்னது அவர். அடியில் ஜக்கையன் என்று போட்டதும் நான். எத்தனையோ போட்டிருக்கிறேன், அது ஒன்று மட்டும் என் கையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாலு வருஷம் கழித்து ஒரு சந்தை நாளில், ஆட்கள் எல்லாம் கீழே இறங்கியபிறகு என்னிடம் வந்தார். உயில் எழுதச் சொன்னார். எழுதினேன். வழக்கம்போல் கையெழுத்துப் போடப் பேனாவைத் திருப்பினேன். கையைப் பிடித்துக்கொண்டார். "பொய்க்கு உன் கை போதும். இதுக்கு என் கை வேணும். எனக்கு எம் பேரை எழுதச் சொல்லிக்குடு" என்றார். அவருக்கு அப்போது அறுபத்து மூன்று வயது.

நாலு மாசம் ஆயிற்று. பேனாவை மண்வெட்டி மாதிரி பிடிப்பார். என்னைக் கண்டபடி திட்டுவார். கடைசியில் ஸ்டோரில் வைத்து, என் முன்னாலும் சோலை முன்னாலும் அவரே பேரைப் போட்டார்.

சுருளிவேல்


போடி
20.4.1978

கணக்குப்பிள்ளைக்கு,

அம்மாவிடம் கேட்டேன். அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. "அப்பாவுக்கு எழுதத் தெரியுமா?" என்றேன். "எனக்கே எழுத்துத் தெரியாது. அவருக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்கு எப்பிடிடா தெரியும்?" என்றது. அதற்குமேல் எவ்வளவு கேட்டும் வாய் திறக்கவில்லை. மறைக்கிறதா, உண்மையிலேயே தெரியாதா? முப்பத்தைந்து வருஷம் ஒரு ஆளோடு குடித்தனம் பண்ணிவிட்டு இது கூடத் தெரியாமல் இருக்குமா? கீரையை மட்டும் அன்றைக்கு ரொம்ப நேரம் உருவியது.

சோலையைக் கூப்பிட்டேன். "அன்னைக்கு ஸ்டோர்ல அப்பா கையெழுத்துப் போட்டதை நீ பாத்தியா இல்லையா? உள்ளதைச் சொல்லு" என்றேன். அவன் ஜீப்புக் கதவைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நீங்கதான்யா, 'நீ பாத்திருக்க மாட்டேல்ல, சோலை'ன்னு கேட்டீங்க. நானும் 'ஆமாய்யா'ன்னேன். இப்ப நான் என்ன சொல்லணும், அதைச் சொல்லுங்க." நான் யாரிடமும் பொய் சொல்லச் சொல்லவில்லை, கணக்குப்பிள்ளை. சத்தியமாகச் சொல்லவில்லை. கேட்ட விதம் அப்படி ஆகிவிட்டது.

கைக்கட்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரமாவது அப்பா கையில் கட்டோடு இருப்பார். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துப் போடுவார். காயம் எங்கே என்று ஒரு தரம் கேட்டு அடி வாங்கினேன்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். எட்டாவது படிக்கும்போது ஹாஸ்டலை விட்டு ஓடி வரப்போகிறேன் என்று அப்பாவுக்கு எழுதினேன். பதில் வந்தது. 'ஓடி வந்தால் திட்ட மாட்டேன். ஆனால் பயந்துகொண்டு வராதே. பகலில், நிமிர்ந்து வா. இது உன் வீடு' என்று இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்து வைத்தே மை அழிந்துபோயிற்று. நான் ஓடவில்லை. அந்த நாலு வரிக்காகத்தான் படிப்பை முடித்தேன். அவர் நேரில் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியதே இல்லை. வாயால் வராதது எழுத்தில் வருகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அது யார் சொன்னது? அவரா, நீங்களா? யோசித்து எழுதுங்கள். என்னைச் சமாதானப்படுத்த எழுதாதீர்கள்.

சீனிச்சாமி


மதுரை
4.5.1978

தம்பி,

நாலு நாள் பேனாவைத் தொடவில்லை. பொய் சொல்லிவிடலாம் என்று கூட நினைத்தேன். அவர் சொன்னதுதான் என்று ஒரு வரி எழுதினால் உங்களுக்கும் நிம்மதி, கோர்ட்டில் எனக்கும் லாபம். ஆனால் நான் எதற்காக உள்ளே இருக்கிறேன் என்பதை மறந்துவிட முடியாதே.

அது நான் எழுதியது. உங்கள் அப்பா சொன்னது, "ஓடி வந்தா காலை ஒடிச்சுப்புடுவேன்னு எழுது." நான் அப்படி எழுதவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. பெண்டாட்டியும் சீக்கிரம் போய்விட்டாள். அந்தக் கடிதங்களை எழுதும்போது சில நேரம் யாருக்காக எழுதுகிறேன் என்பதே மறந்துவிடும். நானே உங்களைப் பெற்றவன் மாதிரி எழுதிக்கொண்டு போவேன். இதுவும் ஒரு திருட்டுத்தான். இதற்கு எந்தப் பிரிவில் தண்டனை என்று வக்கீலைக் கேட்கவில்லை.

ஆனால் எழுதி முடித்ததும் அவருக்குப் படித்துக் காட்டாமல் ஒரு கடிதத்தையும் அனுப்பியதில்லை. அன்றைக்கும் படித்தேன். 'இது உன் வீடு' என்ற இடத்தில் ஓரக்கண்ணால் பார்த்தேன். பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்திருந்தார். காலை ஒடிப்பது எங்கே போயிற்று என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "ஒட்டு" என்றார். அவ்வளவுதான்.

அந்த 'ஒட்டு' என்கிற வார்த்தையை என்ன செய்வது, தம்பி? அது அவருடையது. அதைச் சேர்த்துக்கொண்டால் முழுக் கடிதமும் அவருடையது ஆகிவிடுகிறதா? ஆகவில்லையா? எனக்கே இன்றுவரை பிடிபடவில்லை. வருஷம் போகப்போக எது அவர் சொன்னது, எது நான் சேர்த்தது என்று எனக்கே குழம்பிவிட்டது.

ஒன்று மட்டும் குழப்பமில்லாமல் சொல்வேன். மழை, காய், கம்பளி, வயிற்றைக் காயப்போடாதே. ஒவ்வொரு கடிதத்திலும் அதை அவரே சொல்வார். நான் ஒரு எழுத்துக்கூட மாற்றியதில்லை.

விசாரணை ஜூன் 26. உங்களைச் சாட்சியாகத் திரும்பக் கூப்பிடச் சொல்லி வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். ஜட்ஜ் ஒத்துக்கொண்டார். வந்து நீங்கள் என்ன சொன்னாலும் சரி, அதற்காக நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு வெளியே வர வேண்டும். இங்கே செத்துப்போக எனக்கு இஷ்டமில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சுருளிவேல்


போடி
1.7.1978

கணக்குப்பிள்ளைக்கு,

கோர்ட்டில் நீங்கள் கூண்டில் நின்றிருந்தீர்கள். நான் உங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குக் கோபம் காரணமில்லை. திரும்பினால் பேச்சு வராது.

நீங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். ஆனாலும் என் மனசில் நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். ஆறு கடிதத்தையும் கையில் கொடுத்து, "இது யார் எழுத்து?" என்று ஜட்ஜ் கேட்டார். முந்தின நாள் வரை என்ன சொல்வது என்று நான் முடிவு பண்ணவில்லை. பஸ்சில் வரும்போதும் பண்ணவில்லை. "சுருளிவேல் எழுத்து" என்றேன். நீங்கள் எனக்கு எழுதிய நாலு வரியை எடுத்துக் கொடுத்தேன். சோலையிடம் நான் கேட்ட விதத்தையும் சொன்னேன். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

பிறகு உயிலைக் காட்டி, "இது உங்கள் அப்பா கையெழுத்தா?" என்றார். "தெரியாதுங்க" என்றேன். அந்தத் தாளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அன்றைக்கு நான் உறுதியாகத் தெரிந்து சொன்ன பதில் அந்த ஒன்றுதான்.

மற்றதை எல்லாம் சத்தியம் பண்ணித்தான் சொன்னேன். ஆனால் இந்த நிமிஷம் வரை எனக்கு முழுசாகத் தெரியாது. நீங்கள் ஏமாற்றியிருந்தால் உலகத்திலேயே பெரிய ஏமாளி நான்தான். உங்களை நம்பினதால் சொன்னேனா, அந்த நாலு வரி எழுதின கை ஜெயிலில் கிடக்க வேண்டாம் என்று சொன்னேனா? இரண்டும் ஒன்றா? எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.

தீர்ப்பு பத்தாம் தேதி. நீங்கள் வந்துவிடுவீர்கள் என்கிறார் ராஜாராம். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன். கோர்ட்டில் இருக்கிற ஆறு போக, மிச்சம் நூற்றுப் பதினோரு கடிதத்தையும் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டேன். அப்பா எழுதினது என்று சொல்ல என்னிடம் இனி ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கோர்ட்டில் நின்று நானே என் வாயால் அதை இல்லாமல் ஆக்கிவிட்டேன். இதற்கு யார் மேல் கேஸ் போடுவது?

சீனிச்சாமி


தேவாரம்
18.7.1978

தம்பிக்கு,

வெளியே வந்து எட்டு நாள் ஆகிறது. தங்கச்சி அன்னக்கொடி வீட்டில் இருக்கிறேன். போன வாரம் இவர்கள் வாழையை யானை வந்து மிதித்துவிட்டது. அந்தக் கவலையில் என்னை யாரும் அதிகம் விசாரிக்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

விடுதலை என்று ஜட்ஜ் வாசித்தபோது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. வார்டர் முதுகில் தட்டி, "போய்யா" என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். அழுகை வந்தது. ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் பக்கத்தில் நின்றது. அவர்கள் என்ன நினைத்தார்களோ.

நீங்கள் கடைசியாக எழுதியது என்னை விடாமல் அரிக்கிறது. துண்டுக் காகிதம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. ஒன்று இருக்கிறது.

நாலு மாசம் பேர் எழுதப் பழகினார் என்று சொன்னேன் அல்லவா? பழகின தாள் ஒன்றைக்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டோர் அடுப்பில் அவரே போட்டுவிட்டு, எரிந்து முடிகிற வரைக்கும் நின்று பார்ப்பார். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது. ஆக, அவர் கையால் எழுதி மிஞ்சினது இந்த உலகத்தில் அந்த உயிலில் இருக்கிற பேர் ஒன்றுதான். நீங்கள் கள்ளம் என்று கேஸ் போட்டது எதுவோ, அதுதான் உங்கள் அப்பா எழுத்து. அது எனக்கும் வேண்டியதில்லை, கோர்ட்டுக்கும் இனி வேண்டியதில்லை. மனுக் கொடுத்தால் ஆயம்மாளிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவளுக்காக நானே மனு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தோட்டத்தை என்ன செய்வது என்பது உங்கள் பாடு. நான் தலையிடவில்லை. ஆனால் அந்தத் தாளை ஒரு தரம் போய்ப் பாருங்கள். அவளிடம் போய்க் கேட்க உங்களுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். இருந்தாலும் போங்கள்.

சுருளிவேல்


போடி
9.10.1978

கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு,

போவதா வேண்டாமா என்று இரண்டு மாசம் இழுத்துக்கொண்டே கிடந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். குரங்கணி வரைக்கும் சோலை ஜீப்பில் கொண்டுவந்து விட்டான். அதற்குமேல் நடந்தேன். காய் எடுப்பு நடக்கிறது. என்னைப் பார்த்ததும் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஆயம்மாள் வீட்டு முன்னால் போய் நின்று என்ன சொல்வது என்று தெரியாமல், "அந்தத் தாளைப் பாக்கணும்" என்றேன். அவள் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். பிடுங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். அவள் நினைத்ததில் தப்பில்லை. "கையைக் கழுவிட்டு வாங்கய்யா. கையெல்லாம் பிசினு" என்றாள். வழியில் ஒரு செடியைப் பிடித்து ஏறியிருந்தேன். கழுவினேன். வேட்டியில் துடைத்தேன். அப்புறம்தான் கொடுத்தாள்.

மேலே உங்கள் உருண்டை எழுத்து. கீழே அவர் பேர். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு அளவு. வரி கீழே கீழே இறங்கிப் போகிறது. ஒரு இடத்தில் நிப்பு குத்திக் காகிதம் கிழிந்திருக்கிறது. தாளைத் திருப்பினேன். அவர் அழுத்தின அழுத்தத்தில் பின்பக்கம் பேர் மேடாகப் புடைத்திருந்தது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தடவினேன். எனக்கு ஐந்து எழுத்துக்கு மேல் தாங்கவில்லை. நல்லவேளை, அவர் பேரும் அதோடு முடிந்துவிட்டது.

நான் அழுததை அவள் பார்த்தாள். "அதுல என்ன எழுதியிருக்குன்னு யாரும் எனக்கு முழுசாப் படிச்சுக் காட்டலய்யா. தோட்டம் எனக்குன்னு மட்டும் சொன்னாக. நீங்க படிங்க" என்றாள்.

கோர்ட்டில் அது பலமுறை வாசிக்கப்பட்டது. வக்கீல்கள் வாசித்தார்கள், நானும் கோபத்தில் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். ஆனால் இவளிடம் யாரும் வாசிக்கவில்லை. நின்றபடியே படித்தேன். நாலு எல்லை, பாதை, தண்ணீர் என்று வரிசையாகப் படித்துக்கொண்டு வந்து, கன்னையன் வரிக்கு வந்ததும் நிறுத்தினேன். விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை. போகவில்லை. 'கன்னையன் அன்று குடித்திருக்கவில்லை. குடித்திருந்தான் என்று நான் சொன்னது பொய். நான் சொல்லித்தான் அவன் உள்ளே போனான்.'

"அந்த எடத்தை இன்னொருக்காப் படிங்க" என்றாள். படித்தேன். இன்னும் ஒரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன். ஏழு வருஷமாக இந்த மலையில் குடிகாரன் பெண்டாட்டி என்று பேர் வாங்கினவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தாளைக் கையில் வாங்கி, எங்கே அந்த வரி இருக்கிறது என்று காட்டச் சொன்னாள். விரலை வைத்துக் காட்டினேன்.

"இது யாருய்யா எழுதுனது?" என்று கேட்டாள்.

"எங்கப்பா" என்றேன்.

சீனிச்சாமி